நிதிப் பட்டமும் உத்தியோகமும்

செஞ்சிக் கோட்டைக்கு அருகிலுள்ள கிராமமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதம் மூன்று நாட்களாக நமது மேஜையின்மீது இருந்துவருகிறது. அவர் மணிலா பயிரிடுபவர். அவருடைய குமாரன் பி.காம். பரீட்சையில் தேறியிருக்கிறான். நிதி நிர்வாகத்தில் மேல்பட்டம் ஒன்று பெற்றுவிட்டால் பெரிய உத்தியோகம் நிச்சயம் என்று தனியார் கலாசாலையொன்றின் ஏஜண்டு வீடு தேடி வந்து சொல்லிப் போயிருக்கிறார். இரண்டு வருஷத்திற்குக் கட்டணமும் விடுதிச் செலவுமாகப் பத்து லக்ஷ ரூபாய் ஆகுமாம். ஓர் ஏக்கர் நிலத்தை விற்று இதைக் கட்டலாமா, அல்லது பாங்கியில் கடன் வாங்கலாமா என்பதே அன்பரின் கேள்வி. கட்டத்தான் வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. அக்கேள்வியை நாம் கேட்கிறோம்.

செஞ்சி என்றதும் தமிழ் ஜனங்களுக்கு ராஜா தேசிங்கின் நினைவு வராமற்போகாது. அவ்வீரனுடைய குதிரையையும் வாளையும் பற்றிப் பாடாத கிராமம் வட ஆற்காடு, தென் ஆற்காடு சீமைகளில் இல்லை. ஆனால் 1714 ஆம் ஆண்டில் அந்த யுத்தம் எதன்பொருட்டு மூண்டது? ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான், தேசிங்கின் தந்தை காலத்திலிருந்து செலுத்தப்படாத கப்பப் பாக்கியைக் கேட்டார், தேசிங்கு மறுத்தான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் வளைத்துக் கட்டிய மதில்களும், வருஷக்கணக்கில் தானியம் சேர்த்துவைக்கும் களஞ்சியங்களும் இருந்த கோட்டை ஒரு கணக்குத் தகராறில் கைமாறியது. வீரத்தைப் பாடிய நாம் பாக்கித் தொகையை மறந்துவிட்டோம். அக்கோட்டை 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்டிருப்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சியே. அதைக் காண வருவோர் களஞ்சியங்களின் அருகிலும் சற்று நின்று பார்ப்பார்களாக.

பணத்தின் சாஸ்திரத்தை இழிவாக எண்ணுவது தேசபக்தர்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். இது தவறு. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, அதை நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. அப்பொழுது சும்மா புலம்பிக்கொண்டிராமல், நமது பணத்தை நாமே காப்போம் என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயன்றதன் பலனாக 1907 ஆகஸ்டு 15 ஆம் தேதி இந்தியன் பாங்கி தன் வேலையைத் தொடங்கியது. ஆர்பத்நாட் வீழ்ந்த அதே மாதத்தில்தான் தூத்துக்குடியில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவாயிற்று. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். மூலதனம் 10 லக்ஷம். எதிரிக் கம்பெனியார் நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டு கட்டணத்தைக் குறைத்தார்கள். 1908 இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911 இல் கம்பெனி கலைந்தது. சர்க்காரின் கொடுமை ஒரு பக்கமிருக்க, நீண்ட போட்டியைத் தாங்கும் பணபலம் நம்மவரிடம் இல்லை என்பதும் உண்மை. ஆகவே செஞ்சிச் சீமையில் ஒரு பையன் நிதி சாஸ்திரம் படிக்க விரும்புகிறான் என்றால் அதை நாம் முழுமனதுடன் ஆசீர்வதிக்கிறோம். நமது ஐயமெல்லாம் அதை எங்கே, என்ன விலைக்கு, எந்த வேலையை உத்தேசித்துப் படிப்பது என்பதைப் பற்றியதே.

பட்டம் உத்தியோகத்தைத் தரும் என்ற நம்பிக்கை நமது ஜனங்களிடையே வேரூன்றிய ஒன்று. ஒரு காலத்தில் அது வக்கீல் பட்டமாயிருந்தது. கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு கட்சிக்காரன் வரமாட்டானா என்று கோர்ட்டு வராந்தாவில் நின்றவர்களை நாம் அறிவோம், நாமும் நின்றிருக்கிறோம். இன்று அந்த இடத்தை எம்.பி.ஏ. பட்டம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அன்பர் முதலில் அறியவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. பொதுத்துறைப் பாங்கிகளில் அதிகாரியாகச் சேர்வதற்கு ஐ.பி.பி.எஸ். நடத்தும் பரீட்சைக்கு ஏதேனும் ஒரு பட்டம் இருந்தாற் போதும், மேல்பட்டம் கேட்பதில்லை. வயது 20 முதல் 30 வரை. பிற்பட்ட வகுப்பாருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சலுகை உண்டு. நிதி எம்.பி.ஏ. படித்தவனும், தமிழிலக்கியம் படித்தவனும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதுகிறார்கள். ரிசர்வ் பாங்கியின் பொது அதிகாரிப் பரீட்சையும் பெரும்பாலும் அவ்விதமே. அதன் பொருளாதார ஆராய்ச்சிப் பிரிவு போன்றவற்றுக்கு மேல்பட்டம் அவசியம். சரித்திரத்தில் எம்.ஏ. பட்டம் பெற்ற ஸ்ரீ சக்திகாந்த தாஸ் 2018 முதல் 2024 வரை ரிசர்வ் பாங்கியின் கவர்னராயிருந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் வரவு செலவுத் திட்டத்தை 1947 நவம்பரில் சமர்ப்பித்த ஸ்ரீ ஆர். கே. சண்முகம் செட்டியார் சட்டம் படித்தவர். இதைக்கொண்டு நிதிப் பட்டமே வேண்டாமென்று நாம் சொல்வதாக எவரும் எண்ணவேண்டாம். பாங்கி உத்தியோகம் ஒன்றே குறி என்றால் அதற்கு இந்தப் பத்து லக்ஷம் தேவையில்லை என்பதையே சொல்லுகிறோம்.

இனி அந்தப் பத்து லக்ஷத்தைச் சிறிது பிரித்துப் பார்ப்போம். நிதி படிக்கப்போகிறவனுக்கு இதுவே முதற் பாடமாகவும் இருக்கட்டும். நூற்றுக்குப் பத்து வட்டியில் பத்து வருஷத் தவணைக்குப் பத்து லக்ஷம் கடன் வாங்கினால், மாதந்தோறும் கட்டவேண்டியது 13,215 ரூபாய். பத்து வருஷத்தில் கட்டிமுடிக்கும் மொத்தத் தொகை ஏறக்குறைய 15,86,000. படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. பையன் இப்பொழுதே ஒரு கணக்கு ஆபீசில் மாதம் 15,000 ரூபாய்க்கு அமர்ந்தால் இரண்டு வருஷத்தில் ஈட்டக்கூடியது 3,60,000. அதையும் இழப்பாகவே எழுதவேண்டும். பட்டம் பெற்றபின் 25,000 ரூபாய் சம்பளத்தில் ஒரு வேலை கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தவணை போக மிஞ்சுவது 11,785. சென்னையில் அதைக்கொண்டு அறை வாடகை கொடுத்துச் சாப்பிட்டுவிட்டு ஊருக்கு என்ன அனுப்புவான்? நிலத்தை விற்றால் கடனில்லை என்பது உண்மைதான். ஆனால் விற்ற நிலம் மணிலாவும் தராது, திரும்பியும் வராது.

ஏஜண்டு காட்டிய அச்சுப் புத்தகத்தில் “நூற்றுக்கு நூறு வேலைவாய்ப்பு” என்று கண்டிருந்ததாக அன்பர் எழுதுகிறார். நூற்றுக்கு நூறு என்றால் எத்தனை பேரில்? சேர்ந்தவர்கள் எல்லோரிலுமா, அல்லது வேலை கேட்டு விண்ணப்பித்தவர்களில் மட்டுமா? மிக உயர்ந்த சம்பளத்தைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். அது ஒருவனுடைய சம்பளம். மாணவர் அனைவரையும் சம்பள வரிசைப்படி நிற்கவைத்தால் நடுவில் நிற்பவன் என்ன பெறுகிறான் என்பதல்லவா தெரியவேண்டும்! மத்திய சர்க்காரின் தேசியக் கல்வி நிறுவனத் தரவரிசையில் கலந்துகொள்ளும் கலாசாலைகள் வேலை பெற்றவர் தொகையையும் அந்த நடுச் சம்பளத்தையும் எழுதிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. அவ்விவரங்களை எவரும் பார்க்கலாம். தரவரிசையிலேயே கலந்துகொள்ளாத கலாசாலையாயின் அதையும் ஒரு விடையாகவே கொள்ளலாம்.

சரி, படிக்கத்தான் வேண்டுமென்றால் எதைப் படிப்பது? எம்.காம். என்பது எளிய குடும்பங்களின் பட்டம். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் திருவண்ணாமலையிலும் சர்க்கார் கலாசாலைகள் இருக்கின்றன, செஞ்சியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம், கட்டணமும் சொற்பம். பி.எட். பட்டமும் சேர்ந்தால் மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் ஆசிரியராகலாம். கலாசாலை ஆசிரியராக நெட் அல்லது செட் பரீட்சை வேண்டும். புதுச்சேரியில் 1985 இல் ஏற்பட்ட மத்திய சர்வகலாசாலையில் வணிகவியலோடு பாங்கித் தொழில்நுட்பத்திற்கென்றே ஓர் எம்.பி.ஏ. வகுப்பும் நடந்துவருகிறது. கணிதத்தில் வல்ல பையனாயிருந்தால் சென்னையில் 1993 இல் தோன்றிய மெட்ராஸ் ஸ்கூல் ஆப் எகனாமிக்ஸில் நிதிப் பொருளாதாரமும், ஆக்சுவரி பொருளாதாரமும் கற்பிக்கிறார்கள். ஆக்சுவரி என்பவர், இன்ன வயதினனுக்கு இன்ஷ்யூரன்ஸ் பிரீமியம் இவ்வளவு என்று மரணத்தையும் வட்டியையும் சேர்த்துக் கணக்கிடுபவர். நமது பிள்ளைகள் அதிகம் எட்டிப்பார்க்காத துறை அது. எம்.பி.ஏ.வைப் பற்றி ஒன்றே சொல்லவேண்டும். அப்பட்டத்தின் மதிப்பு பாடத்தில் அவ்வளவாக இல்லை. கலாசாலையின் வாசலுக்கு ஆள் எடுக்க வருகிறவர் யார் என்பதில் இருக்கிறது. 2011 இல் திருச்சிராப்பள்ளியில் திறக்கப்பட்ட ஐ.ஐ.எம். போன்ற இடத்தில் நுழைவுப் பரீட்சையெழுதி இடம் பெற்றால் பெருங்கடனும் நியாயமாகலாம். பரீட்சையே இல்லாமல் பணத்திற்கு இடம் தரும் கலாசாலைக்கு அதே கடன் நியாயமாகாது.

பட்டமே இல்லாத வழியொன்றும் இருக்கிறது. 1949 ஜூலை முதல் தேதி ஏற்பட்ட சார்ட்டர்டு அக்கவுண்டன்ட்கள் இன்ஸ்டிடியூட்டின் பரீட்சைகளுக்குக் கலாசாலைக் கட்டணத்தைப்போலச் செலவில்லை. பி.காம். படிப்பில் நூற்றுக்கு 55 வாங்கியவன் ஆரம்பப் பரீட்சையின்றி நேரே இண்டர்மீடியட்டுக்குப் போகலாம். ஆடிட்டர் ஒருவரிடம் இரண்டு வருஷம் வேலை பழகவேண்டும். அக்காலத்தில் சிறிது உதவித் தொகையும் உண்டு. கஷ்டம் எங்கேயென்றால், தேறுவோர் சிலரே. நான்கு முறை தவறி ஐந்தாம் முறை உட்காரும் மனத்திடம் வேண்டும். காஸ்ட் அக்கவுண்டன்ட் படிப்பும் இவ்வகையானதே. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் சிறு ஊர் வியாபாரிகளுக்குங்கூடக் கணக்கெழுத ஆள் தேவைப்படுகிறது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்மூட்டைகள் குவியும் பருவத்தில் ஒரு நாள் போய் நின்று பார்த்தால், அங்கே எத்தனை கணக்குகள் எழுதப்படுகின்றன என்பது விளங்கும். உழவர்கள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனிகள் கம்பெனிச் சட்டப்படி வருஷந்தோறும் தணிக்கை செய்துகொண்டாக வேண்டும். இந்தியாவின் முதற் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 இல் திரூரில் நமது மாகாணத்திலேதான் தோன்றியது. கிராமத்துக்கும் நிதி நிபுணன் வேண்டுமென்பதை அன்றே சிலர் உணர்ந்திருந்தனர்.

சென்னையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பாங்கிகள் பலவற்றின் உள்வேலை இன்று அந்நகரில் நடக்கிறது. உலக பாங்கியின் கணக்கு வேலையில் ஒரு பகுதியே தரமணியில் நடைபெறுகிறது. அவ்விடங்களில் கணினியில் கணக்கு அட்டவணையைச் சரளமாகக் கையாளத் தெரிகிறதா, பிழையின்றி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுத வருகிறதா என்று சோதிக்கிறார்கள். வெறும் பதிவு வேலைகளை இயந்திர அறிவு மெல்லமெல்ல எடுத்துக்கொண்டுவருகிறது. ஆகையால் கணக்கைப் பதிவதோடு நில்லாமல் அதைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவனுக்கே எதிர்காலம் உண்டு.

கடன் வாங்கியே தீரவேண்டிய நிலை வந்தால், நிலத்தை விற்குமுன் பாங்கியைப் பார்ப்பதே உத்தமம். 2024 நவம்பரில் மத்திய மந்திரி சபை அங்கீகரித்த பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டத்தில், வருஷ வருமானம் 8 லக்ஷத்திற்கு மேற்படாத குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பத்து லக்ஷம் வரையிலான கடனில், படிக்கும் காலத்து வட்டியில் நூற்றுக்கு மூன்று சலுகை உண்டு. சர்க்கார் ஜாபிதாவிலுள்ள உயர்தரக் கலாசாலைகளுக்கே அது செல்லும்; வருஷத்திற்கு இத்தனை மாணவர் என்று வரம்பும் உண்டு. ஏஜண்டு சொன்ன கலாசாலை அந்த ஜாபிதாவில் இருக்கிறதா என்று பாங்கி மானேஜரையே கேட்கலாம்.

நமக்கு வரும் இத்தகைய கடிதங்களெல்லாம் குமாரர்களைப் பற்றியே வருகின்றன. திருச்சிராப்பள்ளிக் கலாசாலையில் படித்துப் பின்னர் டில்லியில் பொருளாதாரத்தில் எம்.ஏ. பெற்ற ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் 2019 இல் தேசத்தின் நிதி மந்திரியானதைக் கண்டபிறகும், பெண்ணுக்கு எந்தப் பட்டம் என்று ஒரு தந்தையும் நம்மைக் கேட்கவில்லை.

தேசத் தொண்டில் ஈடுபட்டுள்ள நமது வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். செஞ்சியிலும் மேல்மலையனூரிலும் உள்ள உங்கள் வாசகசாலைகளில், பரீட்சை முடிவுகள் வெளியாகும் வைகாசி, ஆனி மாதங்களில், ஆடிட்டர் ஒருவரையும் பாங்கி உத்தியோகஸ்தர் ஒருவரையும் அழைத்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்காரவையுங்கள். ஏஜண்டு வீடு தேடி வருகிறார். நாம் வாசகசாலையையாவது திறந்துவைப்போம்.

அன்பருக்கு நமது பதில் இது: நிலத்தை விற்கவேண்டாம். பையன் இவ்வருஷமே பாங்கிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கட்டும். கூடவே புதுச்சேரிக்கும் விழுப்புரத்திற்கும் எம்.காம். விண்ணப்பம் போடட்டும், ஐம்பத்தைந்து மதிப்பெண் இருந்தால் திண்டிவனத்தில் ஓர் ஆடிட்டரைப் போய்ப் பார்க்கட்டும். ஏஜண்டு மறுபடி வருவாராயின், சென்ற வருஷம் சேர்ந்த மாணவர் எத்தனை பேர், வேலை பெற்றவர் எத்தனை பேர், அவர்களுடைய நடுச் சம்பளம் என்ன என்னும் மூன்று கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து, கலாசாலை முத்திரையோடு பதில் கேட்கவும். பதில் வந்தால் நமக்கு அனுப்பிவைக்கட்டும். பெயர்களை நீக்கிவிட்டு இதே பக்கத்தில் பிரசுரிப்போம்.