பறிபோன ஏழு ஆண்டுகள்

றொசல்லத் தோட்டங்களில் மாலை மழை ஓய்ந்ததும் சிறுவர்கள் பந்தோடு வெளியே வந்துவிடுவர். அவர்களுள் ஒருவன், குடும்பச் சுமையால் இரண்டாண்டு படிப்பை விட்டிருந்தவன், "இனி என்ன சேர், காலம் போய்விட்டதே!" என்றான். அவனுக்கு நாம் கூறிய விடை ஓர் உதைபந்தாட்ட வீரரின் வரலாறு. 1867இல் இலங்கையில் தேயிலையை வணிகப் பயிராக்கிய ஜேம்ஸ் டெய்லரின் தாயகமான ஸ்கொட்லாந்தே அவருக்கும் தாயகம். பெயர் தொமி வோக்கர்.

1915இல் பிறந்த வோக்கர், 1932இல் எடின்பரோ நகரின் ஹார்ட்ஸ் கழகத்திற் சேர்ந்தார். 1936 ஏப்ரலில் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துடன் ஆட்டம். ஸ்கொட்லாந்து ஒரு கோலால் பின்தங்கி நின்ற வேளையில் பெனல்டி கிடைத்தது. அதனை உதைக்க இருபதே வயதான வோக்கர் வந்தார். வைத்த இடத்திற் பந்து நிற்கவில்லை. காற்று அதனை உருட்டிச் சென்றது. எடுத்து வைத்தார், மீண்டும் உருண்டது. மனந்தளராது மறுபடியும் வைத்து உதைத்தார். பந்து வலைக்குள் புகுந்தது. ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

1939 செப்டெம்பரில் உலகப் போர் மூண்டது. லீக் போட்டிகள் நிறுத்தப்பட்டன. அப்போது அவருக்கு வயது 24. ஆட்டக்காரனின் கால்கள் முழு வலிமையோடிருக்கும் பருவம் போர்க்காலத்திற் கரைந்தது. படைச் சேவையில் இந்தியாவுக்கும் வந்தார். அங்கே படையினரோடு பந்தாடினார். 1946இல் இலண்டன் செல்சி கழகத்திற் சேர்ந்தபோது அவருக்கு வயது 31 ஆகிவிட்டது.

ஆயினும் அத்தோடு அவர் கதை முடியவில்லை. 1948இல் ஹார்ட்ஸ் கழகத்துக்குத் திரும்பியவர், 1951இல் அதன் முகாமையாளரானார். 1906க்குப் பின் பெருங்கிண்ணம் எதனையும் காணாத அக்கழகம், 1954இல் லீக் கிண்ணத்தையும் 1956இல் ஸ்கொட்லாந்துக் கிண்ணத்தையும் வென்றது. 1957-58 பருவத்தில் 34 ஆட்டங்களில் 132 கோல்களைக் குவித்து லீக் பட்டத்தையும் பெற்றது. 1960இல் அதனை மறுமுறையும் வென்றது. ஹார்ட்ஸ் ஆட்டக்காரராய்த் தமக்குக் கிட்டாத பட்டத்தைத் தாம் வளர்த்த இளைஞர் வழியே அவர் கண்டார்.

போர் பறித்த ஏழாண்டுகளை எவரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. எஞ்சிய ஆண்டுகள் மட்டுமே அவர் கையில் இருந்தன.

கதையைக் கேட்ட மாணவன் சற்று மௌனமாயிருந்தான். பின்னர், பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் இறுதி நாள் எதுவென்று வினவினான். நம் வாசகர் இல்லங்களிலும் இத்தகைய பிள்ளை இருக்கலாம். இழந்த காலத்துக்காக அப்பிள்ளையைக் கடியாமல், உருண்ட பந்தை மீண்டும் எடுத்து வைக்கத் துணை நிற்போமாக.