ஒலியும் சொல்லும்

ஒரு மொழியைக் கேட்டு எழுதும் களப்பணியாளர் முதலில் அறிய வேண்டுவது, காதில் விழும் ஒலி வேறுபாடெல்லாம் பொருள் வேறுபாடு ஆகாது என்பதே. தமிழில் ‘பல்’ என்பதன் பகரம் குரல் அதிர்வின்றியும், ‘கம்பம்’ என்பதன் இடையிலுள்ள பகரம் அதிர்வுடனும் ஒலிக்கின்றன. எனினும் இதனால் பொருள் மாறுவதில்லை. ஆதலின் இவை இரண்டும் ஒரே ஒலியன்.

இந்தியிலோ இவ்வேறுபாடே பொருளைப் பிரிக்கின்றது. ‘பல்’ என அதிர்வின்றிக் கூறின் கணப்பொழுது. அதிர்வுடன் கூறின் வலிமை. அதிர்வின்றி, மூச்சை உந்திக் கூறின் பழம். தமிழெழுத்தில் மட்டும் குறித்தால் மூன்று சொற்களும் ஒன்றாய்விடும்.

ஒலியன்களால் அமைந்து பொருள் தரும் மிகச் சிறிய கூறு உருபன் எனப்படும். ‘மரங்கள்’, ‘பூக்கள்’, ‘ஆடுகள்’ என்பனவற்றில் ககரம் வெவ்வேறாக ஒலிப்பினும், பன்மை உணர்த்தும் உருபன் ஒன்றே. பெயருடன் அது சேரச் சொல் உருவாகின்றது.

ஆகவே பணியாளர் கேட்டவாறே குறித்துக்கொண்டு, ஓர் ஒலியை மாற்றினால் பொருள் மாறுகின்றதா என அம்மொழியினரையே வினவுதல் வேண்டும். இந்தி பயிலும் தமிழ் மாணவன் இவ்வொலிகளில் தடுமாறின், அது செவிக்குறையன்று, தாய்மொழிப் பழக்கமே என்பதை ஆசிரியர் உணர்ந்து, தண்டியாது பயிற்சி அளித்தல் நலம்.