கொடையாளரின் அணுக்கள்: மீண்டும் வரும் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகுமா?

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை முடிந்துவிட்டால் இரத்தப் புற்றுநோய் ஒழிந்தது என்றுதான் நம்மில் பலர் எண்ணுகிறோம். பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் சிலருக்கு, சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ, நோய் மறுபடியும் தலைதூக்கி விடுகிறது. அப்போது மருத்துவர்கள் பல வேளைகளில் அன்று மஜ்ஜை கொடுத்தவரையே மீண்டும் தேடுகிறார்கள். ஏன் தேடுகிறார்கள்? உயிரியல் படித்தவள் என்ற முறையில், அதனை எளிய தமிழில் விளக்க முயல்கிறேன்.

மறுநடவும் காவலும்

நம் தாத்தா பாட்டிக்கு ரப்பர் மறுநடவு நன்கு தெரியும். பழைய மரங்களை அழித்து, நிலத்தைச் சுத்தம் செய்து, புதிய கன்றுகளை நடுவார்கள். மஜ்ஜை மாற்றும் ஏறக்குறைய அப்படித்தான். கடுமையான மருந்துகளாலோ கதிர்வீச்சாலோ நோயாளியின் பழைய மஜ்ஜை அழிக்கப்படுகிறது. பிறகு கொடையாளரின் ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள், இரத்தம் ஏற்றுவதைப் போலவே உடலுக்குள் செலுத்தப்படுகின்றன. மலேசியாவில் இச்சிகிச்சை முதன்முதலில் 1987ஆம் ஆண்டு மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் செய்யப்பட்டது. இன்று அம்பாங் மருத்துவமனை இரத்த நோய்களுக்கான தேசிய மையமாக விளங்குகிறது.

கன்றுகளோடு காவல்காரர்களும் வருகிறார்கள் என்பதே இங்கு முக்கியம். கொடையாளரின் டி அணுக்கள் என்னும் வெள்ளை அணுக்கள், நோயாளியின் உடலில் ஒளிந்திருக்கும் புற்றணுக்களை அந்நியராக அடையாளம் கண்டு அழிக்கின்றன. நோயாளியின் சொந்த டி அணுக்கள் கண்டும் காணாமல் விட்டதை, புதிதாக வந்தவை கண்டுபிடித்து விடுகின்றன.

மியூனிக் தந்த திருப்பம்

இந்தக் காவலைத் தனி மருந்தாகவே பயன்படுத்தலாமே என்ற எண்ணத்திற்கு ஜெர்மனியின் மியூனிக் நகரைச் சேர்ந்த ஹான்ஸ் யோகெம் கோல்ப் குழுவினர் 1990இல் வலுவான சான்று தந்தனர். மஜ்ஜை மாற்றுக்குப் பின் நாட்பட்ட மைலாய்ட் லுக்கீமியா திரும்பிய மூவருக்கு, இன்டர்ஃபெரான் மருந்தோடு அதே கொடையாளரின் வெள்ளை அணுக்களையும் ஏற்றினார்கள். மூவருக்கும் நோய் அடங்கியது.

1995இல் ஐரோப்பிய மையங்கள் பலவற்றின் முடிவுகள் ஒன்றுசேர்த்து வெளியிடப்பட்டன. நாட்பட்ட மைலாய்ட் லுக்கீமியாவில் 73 விழுக்காட்டினருக்கு நோய் முழுமையாக அடங்கியது. தீவிர மைலாய்ட் லுக்கீமியாவில் அது 29 விழுக்காடு மட்டுமே. சிறுவர்களிடையே அதிகம் காணப்படும் தீவிர லிம்ஃபாய்ட் லுக்கீமியாவிலோ ஒருவருக்கும் பலனில்லை. ஒரே மருந்து, ஒரே வழிமுறை. நோயின் வகை மாறினால் விளைவும் மாறுகிறது. ‘இரத்தப் புற்றுநோய்’ என்று நாம் ஒரே சொல்லில் அடக்குவது உண்மையில் பல நோய்கள்.

எத்தனை அணுக்கள்?

காவல்காரர் திருடனை மட்டும் பிடித்தால் நல்லது. வீட்டுக்காரரையும் அடித்தால்? கொடையாளரின் டி அணுக்கள் நோயாளியின் தோல், குடல், ஈரல் ஆகியவற்றையும் தாக்கக்கூடும். இந்தத் தாக்குதல் உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஆகவே சோதனைகளின் முதல் கேள்வி, “பலன் உண்டா?” என்பதோடு “எவ்வளவு கொடுப்பது?” என்பதுமாகும்.

1995இல் நியூயார்க்கில் நடந்த ஒரு சோதனை இதற்கு அழகான எடுத்துக்காட்டு. 22 நோயாளிகளுக்கு மிகச் சிறிய அளவில் தொடங்கிப் படிப்படியாக டி அணுக்களைக் கூட்டிக் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லியன் அணுக்கள் என்ற அளவிலேயே 8 பேருக்கு நோய் அடங்கியது. அவர்களில் ஒருவருக்கு மட்டுமே அந்தத் தாக்குதல் வந்தது. 50 மில்லியனும் அதற்கு மேலும் தேவைப்பட்ட 11 பேரில் 8 பேருக்கு வந்தது. பொறுமையாக அளந்து கொடுப்பதன் அருமையை இந்த எண்கள் காட்டுகின்றன.

இன்றும் சோதனைகள் இப்படித்தான் படியேறுகின்றன. முதல் கட்டத்தில் சிலரிடம் மட்டும் பாதுகாப்பும் அளவும் பார்க்கப்படும். இரண்டாம் கட்டத்தில் பலன் அளக்கப்படும். மூன்றாம் கட்டத்தில் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிடப்படும். அரசு மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய, சுகாதார அமைச்சின் மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். நோயாளி எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளலாம். இளமையைத் திரும்பத் தருவதாக விளம்பரம் செய்யப்படும் ‘ஸ்டெம் செல்’ ஊசிகளுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.

பயிற்சி பெற்ற காவலர்கள்

டி அணுக்களுக்கு இலக்கைக் காட்டிக் கொடுத்தால் என்ன? அதுவே கார்-டி சிகிச்சை. ஆய்வுக்கூடத்தில் டி அணுவுக்குள் ஒரு மரபணுவைச் செலுத்தி, புற்றணுவின் மேலுள்ள ஓர் அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும்படி செய்கிறார்கள். பெரும்பாலும் நோயாளியின் சொந்த அணுக்களே இதற்குப் பயன்படுகின்றன. மும்பை ஐ.ஐ.டி.யும் டாட்டா நினைவு மையமும் உருவாக்கி, 2023 அக்டோபரில் இந்திய அரசின் ஒப்புதல் பெற்ற நெக்ஸ்கார்-19 அவ்வகைதான்.

கொடையாளரின் அணுக்களையே இவ்வாறு மாற்ற முடியுமா என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் சோதித்தது. 2016இல் வெளிவந்த முடிவின்படி, மாற்றுச் சிகிச்சைக்குப் பின் நோய் நீடித்த அல்லது திரும்பிய 20 பேரில் 8 பேருக்கு நோய் பகுதியாகவோ முழுமையாகவோ அடங்கியது. ஒருவருக்கும் புதிதாகத் தீவிரத் தாக்குதல் ஏற்படவில்லை. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்திரீட் மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே சென்றது. உறவே இல்லாத ஆரோக்கியமான கொடையாளரின் டி அணுக்களை மரபணுத் திருத்தம் செய்து, 2015இல் ஒரு குழந்தைக்கும், மேலும் நுட்பமான முறையில் 2022இல் 13 வயதுச் சிறுமி ஒருத்திக்கும் செலுத்தினார்கள். இருவருக்கும் நோய் அடங்கியது. அதன் பிறகு இருவருக்கும் மஜ்ஜை மாற்றும் செய்யப்பட்டது. அதாவது, புதுமையான சிகிச்சைக்குப் பின்னும் ஒரு மஜ்ஜைக் கொடையாளர் தேவைப்பட்டார்.

நம் கொடையாளர் எங்கே?

மஜ்ஜைப் பொருத்தத்தை முடிவு செய்வது எச்.எல்.ஏ. என்னும் மரபு அடையாளங்கள். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருவதால், ஓர் உடன்பிறப்பு முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு 25 விழுக்காடு. தோட்டத்துக் குடும்பத்தில் ஆறு பிள்ளைகள் இருந்த காலத்தில், ஒரு பிள்ளைக்கு மற்ற ஐவரில் ஒருவராவது பொருந்தும் வாய்ப்பு ஏறக்குறைய 76 விழுக்காடு. இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய குடும்பத்தில் அது வெறும் 25தான். பாதிப் பொருத்தமுள்ள பெற்றோரிடமிருந்தும் மஜ்ஜை பெறும் முறை இன்று வளர்ந்துள்ளது. ஆனால் சில புற்றணுக்கள் அந்தப் பொருந்தாத பாதி அடையாளத்தையே உதறிவிட்டுத் தப்பிக்கின்றன என்று மிலான் ஆய்வாளர்கள் 2009இல் கண்டறிந்தார்கள். அப்போது வேறொரு கொடையாளர் தேவைப்படலாம்.

குடும்பத்தில் கிடைக்காதபோது பதிவகமே வழி. எச்.எல்.ஏ. வகைகள் வம்சாவளியோடு வருவதால், ஒரு தமிழருக்குப் பொருந்துபவர் இன்னொரு தமிழராகவோ இந்திய வம்சாவளியினராகவோ இருக்கும் வாய்ப்பே அதிகம். அமெரிக்கப் பதிவகத்தின் கணக்கில் வெள்ளையருக்கு 79 விழுக்காடாக உள்ள முழுப் பொருத்த வாய்ப்பு, கறுப்பினத்தவருக்கு 29 மட்டுமே. நம் நாட்டில் இந்தியர்கள் ஏறக்குறைய 7 விழுக்காட்டினர். நம்மில் சிலரே பதிந்தால் நமக்கான கதவும் குறுகலாகவே இருக்கும். மலேசிய ஸ்டெம் செல் பதிவகம் 2000ஆம் ஆண்டிலிருந்து இயங்கி வருகிறது. சென்னையில் 2009இல் ‘தாத்ரி’ பதிவகம் தொடங்கியது. கடல் கடந்தும் தேட முடியும். ஆயினும் தேடுவதற்குப் பெயர்கள் இருக்க வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இரத்ததான முகாம்களில் தொண்டு செய்தபோது நான் அடிக்கடி கேட்ட கேள்வி, “மஜ்ஜை கொடுத்தால் முதுகுத்தண்டு கெட்டுப் போகாதா?” என்பதுதான். போகாது. மஜ்ஜையை இடுப்பு எலும்பிலிருந்து, மயக்க மருந்து கொடுத்து எடுக்கிறார்கள். அது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். பெரும்பாலும் அதுவும் தேவைப்படுவதில்லை. சில நாள் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து இயந்திரத்தின் வழி ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். பின்னர் டி அணுக்கள் தேவைப்பட்டாலும் இயந்திரம் பிரித்தெடுக்கும் முறைதான்.

இரண்டாம் அழைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பதிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். கொடுத்து ஓராண்டு கழித்து, நோய் திரும்பிய ஒருவருக்காகவும் வரலாம். பட்டம் பெற்று வேலை, வீடு, கைப்பேசி எண் எல்லாம் மாறிப்போகும் நமக்கு இது பொருந்தும். ஆகவே மாணவ நண்பர்களே, பதிந்து கொள்ளுங்கள். முன்னாள் மாணவர்களே, ஏற்கெனவே பதிந்திருந்தால் உங்கள் புதிய முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பதிவகத்திற்குத் தெரிவியுங்கள். பொருத்தம் கிடைத்தும் கொடையாளர் கிடைக்கவில்லை என்ற செய்தியை எந்தக் குடும்பமும் கேட்க வேண்டாம்.