மலைக்குப் போகுமுன் மேல்மழையைக் கேளுங்கள்

மூணாறு தலைப்பு சொல்லும் பாடம்

நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிந்து போகிறது. அதை நம்பி நாற்று விடுகிற விவசாயி தன் தலைக்கு மேலிருக்கும் வானத்தோடு நிற்பதில்லை. குடகில் மழையா, கபினி நிரம்பிவிட்டதா, மேட்டூர் 120 அடியைத் தொடுமா என்று தினமும் விசாரிக்கிறார். ஆனால் அவரே குடும்பத்தோடு குற்றாலத்துக்கோ கொடைக்கானலுக்கோ வேன் ஏறும்போது, விசாரிப்பது அறை வாடகை ஒன்றைத்தான். பயிருக்காகப் பழகிய அந்த விசாரிப்பு உடம்புக்கும் வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரை அடித்துச் சென்றது. அருவிக்குக் கீழே நிற்பவருக்கு மேல்மழை தெரியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் டெல்டாவுக்கு வந்து சேர நாட்கள் பிடிக்கும். செங்குத்துச் சரிவிலோ அது நிமிடக் கணக்கு.

ஈரமும் காற்றும் சேர்ந்தால்

வெள்ளத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள்கூடக் குளிரை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானல் நம் சமவெளியைவிட 12, 13 டிகிரி குளிர்ந்திருப்பது அதனால்தான். உறைபனி இருந்தால்தான் ஆபத்து என்பதில்லை. நனைந்த பருத்தி வேட்டியும் சட்டையும் காற்றில் பட்டால் உடம்பின் சூடு வேகமாக வெளியேறும். உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நடுக்கம், நாக்குழறல், தள்ளாட்டம் வரும். குடித்திருக்கிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துவிடக்கூடும். நடுக்கம் நின்றும் தெளிவு வராவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். ஈரத் துணியைக் களைந்து, உலர்ந்த போர்வையால் மார்பையும் வயிற்றையும் முதலில் மூடி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். சூடேற்றும் என்று பிராந்தி கொடுப்பது கெடுதல். அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து உள்சூட்டை வெளியே விடுகிறது. முதியவர்களும் கைக்குழந்தைகளும் மற்றவர்களுக்கு முன்பே தளர்ந்துவிடுவார்கள்.

"ரமணன் சொன்னால் மழை வராது"

வானிலை அதிகாரியாக இருந்த ரமணனின் பெயரை வைத்துச் சொல்லப்பட்ட இந்தக் கேலியில் கொஞ்சம் நியாயமும் உண்டு. மலையில் ஒரு பள்ளத்தாக்கில் கொட்டும்போது அடுத்ததில் வெயில் அடிக்கும். மாவட்டம் முழுமைக்கும் சொன்ன எச்சரிக்கை பாதி இடத்தில் பொய்யாகத்தான் தெரியும். ஆனால் 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. 20 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வானிலைத் துறை அதை அதிகனமழை என்கிறது. எச்சரிக்கை பொய்த்தால் நமக்கு நட்டம் ஒருநாள் பயணம், அவ்வளவே. அந்தக் காலத்தில் செல்போன் பார்த்தா சதுரகிரி ஏறினார்கள் என்றும் கேட்பார்கள். பருவம் பார்த்து, மலையறிந்தவர் துணையோடு ஏறினார்கள்; வெள்ளிக்கிழமை ராத்திரி முடிவெடுத்து மறுநாள் காலையில் உச்சியில் நிற்கவில்லை. புயல் கடலோரத்துக்காரர் கவலை என்ற நினைப்பையும் 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா மாற்றியிருக்க வேண்டும். நம் தென்னைகளைச் சாய்த்துவிட்டு, அதே நாளில் கொடைக்கானலிலும் மரங்களை முறித்தது.

அடிவாரத்தைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. போகிற மாவட்டத்துக்கு ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை உண்டா என்று வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியில் கிளம்பும் அன்று காலையிலும் பார்த்துவிட வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தும்போது, "மேலே மழை எப்படிங்க?" என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது.