கிராண்ட் பேயில் ஒரு கட்டு ‘கொத்தொமிலி’

கடலைப் பார்த்தபடி இருந்த அந்தக் கடையில் ஒரு கோப்பி 180 ரூபாய். மொரிஷியஸ் ரூபாய்தான். அங்கே பத்து ரூபாய் ஏறக்குறைய நம் ஒரு வெள்ளி என்று வைத்துக்கொண்டால், 18 வெள்ளி. “இந்தக் காசுக்குச் சுங்கை சிப்புட்டில் குடும்பமே பசியாறிவிட்டு வரலாம்” என்றார் அம்மா. சொல்லிவிட்டுக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

மொரிஷியஸ் தீவின் வடமேற்குக் கரையில் இருக்கிறது கிராண்ட் பே. ஒரு காலத்தில் மீனவர் கிராமம். இப்போது வளைகுடா முழுக்கப் பாய்மரப் படகுகள், கரை நெடுக உணவகங்கள், பெயர் பெற்ற உடுப்புக் கடைகள், சற்று உள்ளே தள்ளிப் பெரிய பேரங்காடி. சாலையில் காதில் விழுவது பிரெஞ்சு, கிரியோல், தென்னாப்பிரிக்க ஆங்கிலம். கோலாலம்பூரிலிருந்து ஏழு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் இருப்பதால், இறங்கிய பிறகும் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக வேண்டும். மலேசியக் கடப்பிதழ் இருந்தால் விசா வேண்டாம். கார்கள் நம் ஊரைப் போல இடப்பக்கம்தான் ஓடுகின்றன. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1810-இல் தீவைப் பிடித்த ஆங்கிலேயர்கள் விட்டுப்போனது.

வானொலியில் பரிசுப் போட்டி அறிவிக்கும்போது “மொரிஷியஸ்” என்று நானே எத்தனையோ முறை குரலை உயர்த்திச் சொல்லியிருக்கிறேன். தேனிலவுக்குப் போகும் இடம், நீலக் கடல், அவ்வளவுதான் மனத்தில் இருந்தது. இந்த முறை என்னுடன் வந்தது தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த 67 வயது அம்மா. அவர் பார்த்த கிராண்ட் பே வேறாக இருந்தது.

முதலில் கடல். கரையில் நின்றால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். அலை உடைவது அங்கேதான். தீவைச் சுற்றிலும் ஏறக்குறைய எல்லாப் பக்கமும் பவளப் பாறைகள் வேலி போல நிற்கின்றன. அதற்கு உள்ளே இருக்கும் தண்ணீர் குளம் மாதிரி. நீச்சலே தெரியாத அம்மா இடுப்பளவு தண்ணீரில் சேலையோடு அரை மணி நேரம் நின்றார். கிராண்ட் பேயிலேயே லா குவெத் என்ற சிறிய பொதுக் கடற்கரை இருக்கிறது. கொஞ்சம் வடக்கே போனால் பெரேபேர். குளிக்க இந்த இரண்டும் நல்லவை. நடு வளைகுடாவில் படகுகள் அதிகம் என்பதால் அங்கே குளிப்பதைவிட வேடிக்கை பார்ப்பதே மேல்.

ஓட்டலின் சாய்வு நாற்காலிகளுக்கு முன்னால் நடந்து போகும்போது அம்மா தயங்கினார். “நாம இங்க தங்கலையே, திட்டுவாங்களா?” திட்ட மாட்டார்கள். மொரிஷியஸில் கடல் ஏறி வரும்போது தண்ணீர் தொடும் கோடு வரைக்குமான மணல் பொதுச் சொத்து. நாற்காலி ஓட்டலுடையது, மணல் எல்லோருடையது. அந்தக் கோட்டுக்கு மேலே 81.21 மீட்டர் அகலத்துக்குத் தீவைச் சுற்றி ஒரு பட்டை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் தீவின் பாதுகாப்புக்காக ஒதுக்கிய நிலம் அது. பழைய பிரெஞ்சு அளவில் ஐம்பது எட்டு. அதனால்தான் இந்த விசித்திரமான எண். இன்றும் அது அரசு நிலம்தான். ஓட்டல்களுக்கும் கடலோர வீடுகளுக்கும் அதைத்தான் அரசு குத்தகைக்கு விடுகிறது.

சட்டம் இப்படி இருந்தாலும் உள்ளூர்க்காரர்களுக்குக் கவலை இருக்கிறது. குத்தகைக்குப் போகும் கடற்கரை கூடக்கூட, குடும்பத்தோடு போய் உட்கார மிச்சமிருக்கும் இடம் குறைகிறது. ‘அரெத் கொக்கேன் நு லாப்ளாஸ்’ என்று ஓர் இயக்கமே இருக்கிறது. எங்கள் கடற்கரையைத் திருடுவதை நிறுத்து என்று கிரியோல் மொழியில் பொருள். கிராண்ட் பே பக்கம் புதிதாக எழும் வில்லாக்களின் விளம்பரப் பலகைகளைப் பார்த்தால் அந்தக் கோபம் புரியும். அரசு அங்கீகரித்த திட்டங்களில் 375,000 அமெரிக்க டாலருக்குக் குறையாத வீடு வாங்கும் வெளிநாட்டவருக்குத் தங்கும் உரிமையும் சேர்ந்து கிடைக்கிறது. எங்களை ஏற்றிப்போன டாக்சிக்காரர் கிராண்ட் பேயில் பிறந்தவர். இப்போது உள்ளே தள்ளிக் குடியிருக்கிறார். “வேலை கடற்கரையில், வீடு கரும்புத் தோட்டத்தில்” என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் காலையில்தான் அம்மாவுக்கு ஊர் பிடித்துப்போனது. பெரேபேர் போகும் சாலையோரம் ஒரு பெண்மணி காய்கறி விற்றுக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் அரைகுறை. அந்த அம்மாவுக்கு அதுவும் இல்லை. அவர் ஒரு பச்சைக் கட்டைத் தூக்கிக் காட்டி, “கொத்தொமிலி” என்றார். அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். “கொத்தமல்லின்னுதானே சொல்றாங்க?”

அதன் பிறகு நான் தேவைப்படவில்லை. அம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, அவர் பெயர் சொன்னார். கறிவேப்பிலைக்கு ‘கரிப்புலே’. முருங்கைக் கீரைக்கு ‘பிரெத் முரும்’. பீர்க்கங்காய்க்கு ‘பிபங்காய்’. அம்மா நம் உச்சரிப்பைச் சொல்ல, அந்த அம்மா அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார். அவர் தமிழர் இல்லை. ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல் குடும்பம். இந்தச் சொற்கள் தமிழ் என்பதே அவருக்குச் செய்தி. தீவில் எல்லோரும் பேசும் கிரியோலில் அவை கரைந்துபோய், எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டன. பக்கத்து வண்டியில் ‘காத்தோ பிமாங்’ என்று சூடாக விற்றதை வாயில் போட்ட அம்மா, “பருப்பு வடை. உப்பு கொஞ்சம் கம்மி” என்று தீர்ப்புச் சொன்னார்.

காசு கொடுக்க 100 ரூபாய்த் தாளை நீட்டும்போதுதான் நன்றாகக் கவனித்தேன். ஆங்கிலத்துக்கு அடுத்து தமிழ், அதற்கு அடுத்து இந்தி. தமிழ் எண்கூட இருக்கிறது. நம் பாட்டன்மார் காலத்துக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பார்த்த எண் வடிவம், காய்கறிக் கடையில் கைமாறுகிறது. தாளில் இருக்கும் முகமும் ஒரு தமிழருடையதே. ரெங்கநாதன் சீனிவாசன், வழக்கறிஞர், தொழிற்கட்சித் தலைவர்களில் ஒருவர், 1958-இல் மறைந்தவர்.

இந்த வரிசை சும்மா வந்ததில்லை. 1998-இல் அந்நாட்டு மத்திய வங்கி வெளியிட்ட புதிய தாள்களில் இந்தி முன்னாலும் தமிழ் பின்னாலும் போய்விட்டது. தமிழர்கள் வீதிக்கு வந்தார்கள். தீவுக்கு இந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வாதம். பிரெஞ்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் கொண்டுவந்தார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கியது 1834-இல்தான். கடைசியில் வங்கி அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசையில் மறுபடி அச்சடித்தது. மக்கள்தொகையில் சிறுபான்மை, அவர்களிலும் பெரும்பாலோர் வீட்டில் பேசுவது கிரியோல். அப்படிப்பட்டவர்கள் ஒரு வரி எழுத்துக்காக அரசாங்கத்தைப் பின்வாங்க வைத்திருக்கிறார்கள். சிங்கப்பூர் வாசகர்கள் தங்கள் வெள்ளித் தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நம் மலேசியத் தாளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

பேசாத மொழியின் எழுத்துக்காக எப்படிப் போராட முடிந்தது? இந்தக் கேள்வியோடுதான் அன்று மாலை கோவிலுக்குப் போனேன். கிராண்ட் பேயின் மேற்குக் கோடியில், கடலோரச் சாலையிலேயே இருக்கிறது சூரிய உதய சங்கம் கோவில். பளிச்சென்ற வண்ணங்களில் சிற்பங்கள். சுற்றுலாப் பயணிகள் சாலையில் நின்று படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டால் யாரும் உள்ளே போகலாம்.

உள்ளே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், பத்து வயது மகளோடு உட்கார்ந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தார். “வணக்கம்” என்றார். நான் தமிழில் பேச ஆரம்பித்ததும் கை எடுத்துத் தடுத்து, ஆங்கிலத்தில், “வணக்கம் மட்டும்தான் தெரியும்” என்றார். கையிலிருந்த புத்தகத்தைக் காட்டினார். தேவாரம் முழுவதும் ரோமன் எழுத்தில். ராகம் நன்றாக இருந்தது, பக்திக்குக் குறைவில்லை. ஆனால் எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. மூச்சு எங்கே தேவைப்பட்டதோ அங்கே நிறுத்தினார்.

மகள் பள்ளியில் தமிழ் படிக்கிறாள். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் தங்கள் மூதாதையர் மொழியை ஒரு பாடமாக எடுக்கலாம்; தமிழும் அதில் உண்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். பேசுவதற்குத்தான் வீட்டில் ஆள் இல்லை. அந்தத் தாயின் பாட்டிக்குத் தமிழ் தெரிந்திருந்ததாம். அம்மாவுக்குப் புரியுமாம். இவருக்குப் பாட்டு மட்டும். மூன்று தலைமுறை. தைப்பூசம் அங்கே நாடு முழுவதற்கும் பொது விடுமுறை. சிங்கப்பூரில் 1968-க்குப் பிறகு அந்த விடுமுறை இல்லை, இங்கேயும் எல்லா மாநிலங்களிலும் இல்லை. அங்கே காவடி குறையவில்லை, விரதம் குறையவில்லை, பெயர்கள் தமிழ்ப் பெயர்கள். ஏழாவது உலகத் தமிழ் மாநாடு 1989-இல் நடந்ததும் அங்கேதான். 1966-இல் முதல் மாநாட்டை நடத்திய கோலாலம்பூர் ஆறாவதை 1987-இல் நடத்தி முடித்து, அடுத்தது அவர்களிடம் போனது.

என் அண்ணன் மகள் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். கோவில் படியில் உட்கார்ந்திருந்த அம்மா என்னிடம் அவள் பெயரைச் சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பேருந்தில் தலைநகர் போர்ட் லூயிக்குப் போனோம். துறைமுகத்தை ஒட்டி ஆப்ரவாசி காட் இருக்கிறது. 1834 முதல் வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகளைப் பதிந்து தோட்டங்களுக்கு அனுப்பிய இடம். 2006 முதல் யுனெஸ்கோ பாரம்பரியத் தலம். சுமார் ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்திருக்கிறார்கள். கருங்கல் சுவர்கள், கொஞ்சம் படிகள், அவ்வளவுதான் மிச்சம். பார்க்க ஒரு மணி நேரம் போதும். கிராண்ட் பே போகிறவர்கள் படகுச் சவாரியில் ஒன்றைக் குறைத்துக்கொண்டாவது இங்கே வர வேண்டும் என்பது என் கருத்து. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய தன் அப்பாவின் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கும் என்று அம்மா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மோன் ஷுவாசி கடற்கரைக்கு வரச் சொல்லியிருந்தார் கோவிலில் பார்த்த பெண். கிராண்ட் பேக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பும் நீண்ட மணலும் கொண்ட பொதுக் கடற்கரை. அன்று தீவே அங்கே வந்துவிட்டது போலிருந்தது. பானை, பாய், பந்து, பாட்டி எல்லாம் பேருந்தில் வந்து இறங்குகின்றன. ஒரு பக்கம் பிரியாணி அண்டா திறக்கிறது, இன்னொரு பக்கம் ஆட்டுத்தோல் கட்டிய ரவான் பறையைச் சூடு காட்டித் தட்டி செகா பாடுகிறார்கள். 180 ரூபாய்க் கோப்பிக் கடையில் பார்க்காத சிரிப்பையெல்லாம் இங்கே பார்த்தோம். அந்தக் குடும்பம் எங்களுக்கும் தட்டு வைத்தது. ‘ரசோன்’ என்று ஒரு குவளையில் ஊற்றினார்கள். நம் ரசமேதான், புளி கொஞ்சம் தூக்கலாக. அம்மா இரண்டாவது குவளை கேட்டார்.

சாப்பிட்டு முடிந்ததும் அந்தப் பெண் தன் தேவாரப் புத்தகத்தை எடுத்தார். கோவிலில் நான் செய்யும் வேலையைச் சொல்லியிருந்தேன். “நீங்கள் வானொலியில் பேசுகிறவர். இதைப் படித்து அனுப்ப முடியுமா? பாட வேண்டாம். சும்மா படித்தால் போதும். எங்கே நிறுத்துவது என்று தெரிய வேண்டும்.”

அன்றிரவே முதல் பதிகத்தை அறையின் மாடத்தில் நின்று கைப்பேசியில் பதிவு செய்தேன். பின்னால் கடல் சத்தம் விழுந்துவிட்டது. நிலையத்தில் என்றால் ஒலிப்பதிவாளர் திட்டியிருப்பார். ஊர் திரும்பிய பிறகு வாரம் ஒன்று அனுப்புகிறேன். வெறும் சொல்லாக, மெதுவாக, பிறகு ஒருமுறை பொருளும். மகள் படித்துத் திருப்பி அனுப்புகிறாள். அங்கே மாலை ஆறு மணி என்றால் இங்கே இரவு பத்து. அம்மா தூங்காமல் காத்திருந்து கேட்கிறார். போன வாரம் அண்ணன் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். மூன்றாவது வரியில் ‘ழ’ சரியாக விழுந்திருந்தது. நான்காவது வரியில் மறுபடியும் ‘ல’. “அத்தை, அவளுக்கு நான் சொல்லித் தரட்டா?” என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். கைப்பேசியைக் கொடுத்தேன்.