ஆவாரம்பூவும் மருந்துதான்

'சீனி வருத்தம்' என்று கிளினிக்கில் சொன்ன அன்றே, வீடு திரும்பும் வழியில் யாராவது ஒருவர் "ரணவரா அவிச்சுக் குடிங்க, எல்லாம் இறங்கிடும்" என்று சொல்லிவிடுவார். புத்தளம், கற்பிட்டி, முந்தல், உடப்பு, சிலாபம் என்று இந்தக் கரையோரம் முழுவதும் பழகிப்போன ஆலோசனை இது. சிங்களத்தில் ரணவரா, தமிழில் ஆவாரை; ஆவரசு என்பாரும் உண்டு. பல தலைமுறைகளாகக் கைகண்ட நல்ல மூலிகை என்பதில் சந்தேகமில்லை. அதனால்தான் அதை வெறும் தேத்தண்ணியாக எண்ணாமல் மருந்தாக மதிக்க வேண்டும். எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு, எந்தக் குளிசையோடு என்ற நான்கு கேள்விகளையும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும்.

நம் மண்ணின் செடி

புத்தளத்திலிருந்து மன்னார் வரையும், தெற்கே அம்பாந்தோட்டைப் பக்கமும், கடலையொட்டிய வறண்ட பற்றைக்காடுகளில் ஆவாரை தானாகவே வளரும். இதன் அறிவியல் பெயர் சென்னா ஓரிகுலேட்டா. பழைய நூல்களில் காசியா ஓரிகுலேட்டா என்றிருக்கும். துவர்ப்பு மிகுந்த இதன் பட்டையைத் தோல் பதனிடவும் பயன்படுத்தினார்கள். சித்த வைத்தியத்தில் பூ, இலை, பட்டை, வேர், விதை ஐந்துக்கும் இடமுண்டு. நீரிழிவு, நீர்க்கடுப்பு, உடற்சூடு, தோல் நோய்கள் ஆகியவற்றுக்கு இதைக் கொடுப்பார்கள்.

உப்பளத்திலும் மீன் வாடியிலும் வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்கு நீர்க்கடுப்பு அடிக்கடி வரும். ஆவாரை குடித்ததும் அது தணிவதற்கு, கூடவே உள்ளே போகும் தண்ணீரும் ஒரு காரணம். கடுப்போடு காய்ச்சல், முதுகுவலி, சிறுநீரில் இரத்தம் இருந்தால் அது கிருமித்தொற்றாகவோ கல்லாகவோ இருக்கலாம். அப்போது பூவை அவித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் சிறுநீர்ப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

சீனியைக் குறைக்குமா?

குறைக்கும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. இலங்கை மூலிகைகளை வைத்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், உலர்ந்த ஆவாரம்பூவின் சாறு, மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியைத் தடுத்தது. எலிகளில் அதன் பலன் அகார்போஸ் என்னும் நீரிழிவு மருந்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. 2002இல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் நீரிழிவுள்ள எலிகளுக்குப் பூச்சாற்றை 30 நாள்கள் கொடுத்தபோதும் சீனி குறைந்தது.

ஆனால் இவை எலிகளில், செறிவாக எடுத்த சாற்றைக் கொண்டு நடந்தவை. நம் நாட்டின் மற்றொரு மூலிகையான கொத்தலஹிம்புட்டு கலந்த தேநீரை 51 நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் ஆவாரைக்குக் கையில் உள்ள ஆதாரத்தில் பெரும்பகுதி விலங்குகளிடமிருந்தே கிடைத்தது. மெட்போமினை நிறுத்திவிட்டு ஆவாரையை மட்டும் நம்புவதற்கு அது போதாது. இன்சுலின் போடுகிறவர் அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ஈரல் பற்றிய எச்சரிக்கை

1981இல் பேராதனையைச் சேர்ந்த அர்சகுலரத்ன, குணதிலக்க, பானபொக்க ஆகிய மூவரும் இலங்கையில் வழக்கத்திலுள்ள 50 மூலிகைகளைப் பரிசோதித்து வெளியிட்ட ஆய்வு எல்லோரும் அறிய வேண்டியது. பைரோலிசிடின் அல்கலொயிட் என்னும் ஈரலைக் கெடுக்கும் பொருள் 3 மூலிகைகளில் இருப்பதாக அவர்கள் கண்டார்கள். அவற்றில் ஒன்று கிலுகிலுப்பை இனச் செடி; மற்றொன்று ஆவாரை. இவற்றை உணவோடு தின்ற எலிகளின் ஈரல் பாதிக்கப்பட்டிருந்தது.

இந்தப் பொருள் மனிதரை என்ன செய்யும் என்பதற்கு ஜமேக்கா சாட்சி. அங்கே கிலுகிலுப்பை இனச் செடிகளை அவித்து மூலிகைத் தேநீராகக் குடித்த பிள்ளைகளுக்கு ஈரலின் நுண்ணிய நாளங்கள் அடைபட்டு வயிறு வீங்கியது. 1954இல் வைத்தியர்கள் அதைத் தனி நோயாகவே விவரித்தார்கள்.

எலி தின்றதும் நாம் குடிக்கும் ஒரு கோப்பையும் ஒன்றல்ல. எப்போதாவது குடித்தவர் பயந்து நடுங்க வேண்டியதில்லை. ஆனால் காலை, மாலை என்று வருடக்கணக்கில் கெட்டியாக அவித்துக் குடிப்பது வேறு. ஏற்கெனவே ஈரலில் கொழுப்பு உள்ளவரும் மது அருந்துபவரும் அப்படிக் குடிப்பது மிகவும் தவறு.

குளிசையோடு சேரும்போது

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளோ இன்சுலினோ எடுப்பவர் ஆவாரையும் குடித்தால், சீனி அளவுக்கு மீறி இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, பசி, நெஞ்சுப் படபடப்பு, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் மூன்று தேக்கரண்டி சீனி கொடுக்கலாம். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சஹருக்குக் குளிசையும் ஆவாரையும் ஒன்றாக எடுத்து நோன்பு பிடிப்பவர்களும், நேர்த்திக்கு விரதமிருப்பவர்களும் இதில் கூடுதல் கவனமாயிருக்க வேண்டும்.

வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கார்பமாசெபின் எடுப்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. 2004இல் இலங்கை ஆய்வாளர்கள் எலிகளுக்கு இந்த மருந்தோடு ஆவாரைத் தேநீரையும் கொடுத்தபோது, இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ 47 சதவீதம் கூடியது. எலிகளில் நச்சு அறிகுறி தெரியவில்லை. ஆனால் மனிதரில் இந்த மருந்து கூடினால் தலைசுற்றும், பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும்.

யார் தவிர்க்க வேண்டும்?

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு பிள்ளைகள், ஈரல் நோயாளிகள், கார்பமாசெபின் எடுப்பவர்கள் ஆவாரையைத் தவிர்ப்பதே நல்லது. சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. குடித்துவரும் நாளில் கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்துப் போனால், வயிறோ காலோ வீங்கினால் உடனே நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

பறிப்பதிலும் கவனம்

வீதியோரப் பூவில் வாகனப் புகையும் தூசும் படிந்திருக்கும். கற்பிட்டிப் பக்கம் மரக்கறித் தோட்டங்களின் வேலியோரப் பூவில் அடித்த பூச்சிமருந்தும் இருக்கலாம். இரண்டையும் விடுங்கள். பறித்த பூவைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, ஈரம் படாமல் மூடிவையுங்கள். பூஞ்சை பிடித்ததைக் கொட்டிவிடுங்கள். சீனி வருத்தத்துக்கு ஆவாரை குடிப்பவர் அதனோடு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டால் குடித்த பயன் போய்விடும்.

கிளினிக்கில் சொல்லுங்கள்

நம்மில் பலருடைய கிளினிக் கொப்பியில் மெட்போமின் இருக்கும், பிரஷர் குளிசை இருக்கும், கொழுப்புக் குளிசை இருக்கும். தினமும் குடிக்கும் ஆவாரைக்கு ஒரு வரிகூட இருக்காது. ஏசுவார்களோ என்று நோயாளி சொல்வதில்லை. நேரமில்லாத வைத்தியர் கேட்பதுமில்லை. இந்த மௌனம் மாற வேண்டும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பூவையோ பக்கற்றையோ கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எவ்வளவு, எத்தனை நாளாகக் குடிக்கிறீர்கள் என்பதைக் கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்தியரிடம் போனால் ஆங்கில மருந்துகளின் பட்டியலை அவரிடமும் காட்டுங்கள். தொடர்ந்து குடிப்பவரானால் ஈரல் பரிசோதனை தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.