கூரை தரும் எச்சரிக்கை

கான்கிரீட் கூரை ஒரே நாளில் பெயர்ந்து விழுவதில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை (பி.எச். 12-க்கு மேல்) உள்ளிருக்கும் கம்பியைத் துருவினின்று காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மெல்ல ஊடுருவி அதனைக் குறைக்க, மழைநீரும் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப்போல் 2 மடங்குக்கு மேல் இடம் கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது.

எனவே ஐப்பசி மழைக்கு முன்பே கூரையின் அடிப்பகுதியை நோக்குங்கள். கம்பி ஓடும் வழியே நேர்கோட்டு வெடிப்போ பழுப்புக் கறையோ உண்டா? ஒதுங்கி நின்று நீண்ட கழியால் மெல்லத் தட்டுங்கள்; பொள்ளலாக ஒலித்தால் அவ்விடம் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. அதன்மீது சுண்ணாம்பு அடிப்பது நோயை மறைப்பதே. பெயர்த்தெடுத்து, துரு நீக்கி, புதிதாகப் பூச வேண்டும். அடியில் உறங்குவோர் நம் பெற்றோரல்லவா!